கதைக்கு எவ்வளவு திட்டம் வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுதப் பழகும் சிலரோடு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உட்கார்ந்து கதை பேசுவது என் வழக்கம். யார் புதிதாக வந்தாலும் இரண்டாவது வாரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: முழுசாக யோசித்துவிட்டு எழுத உட்கார வேண்டுமா, உட்கார்ந்த பிறகு யோசிக்கலாமா? அதையொட்டிக் கிளைக்கிற கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் நாவல், குறுநாவல் எழுதுகிறவர்களுக்கானது.

திட்டம் போட்டு எழுதுவது நல்லதா, தோன்றியபடி எழுதுவது நல்லதா?

இரண்டையும் முழுசாகச் செய்து பார்த்திருக்கிறேன். முதல் நாவலுக்கு 42 அத்தியாயங்களுக்கும் சுருக்கம் எழுதி வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். 19ஆவது அத்தியாயத்தில் நின்றுவிட்டது. கதையில் பெரிய ஓட்டை எதுவும் இல்லை. ஆனால் நாளைக்கு என்ன நடக்கும் என்பது எனக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்திருந்தது. கதைக்குள் இருந்த ஆட்கள், கொடுத்த வேலையை முடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் எழுத உட்காரும்போது ஏற்கெனவே எழுதியதைப் பார்த்து எழுதுவது போன்ற ஒரு அலுப்பு.

இரண்டாவது நாவலைத் திட்டமே இல்லாமல் ஆரம்பித்தேன். முதல் 80 பக்கம் அவ்வளவு வேகமாகப் போனது. அந்த வேகத்தை இன்றும் ஆசையோடு நினைத்துக்கொள்கிறேன். அப்புறம் கதை நகரவில்லை என்று தோன்றும்போதெல்லாம் புது ஆள் ஒருவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட ஆரம்பித்தேன். 200 பக்கம் தாண்டியபோது யாருக்கு யார் என்ன வேண்டும் என்பதே எனக்குக் குழப்பம். அதுவும் முடியவில்லை.

சில விஷயங்களை முன்னாலேயே முடிவு செய்யாவிட்டால் பின்னால் சரிசெய்யப் படாத பாடு படவேண்டும். வேறு சிலவற்றை முன்னாலேயே முடிவு செய்தால் எழுதும்போது அவற்றில் உயிர் இருக்காது. எது எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும். அதற்கு எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

சரி, எதைத் திட்டமிட வேண்டும்?

நடக்கும் சம்பவங்களைத் திட்டமிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அத்தியாயம் ஒன்றில் கல்யாணம், இரண்டில் சண்டை, மூன்றில் விபத்து. நான் இப்போது சம்பவங்களை விட்டுவிட்டேன். எந்த விஷயம் யாருக்கு எப்போது தெரியவருகிறது என்பதை மட்டும் முடிவு செய்துகொள்கிறேன். அந்த 'யாரு'க்குள் வாசகரும் அடக்கம்.

இதை நான் கற்றுக்கொண்டது சிலப்பதிகாரத்தில். மூன்று காண்டம், 30 காதை கொண்ட காப்பியம் அது. 16ஆவதான கொலைக்களக் காதையில் கோவலன் வெட்டுப்படுகிறான். அதற்கு முன்பே, அரசியின் சிலம்பைத் திருடியது பொற்கொல்லன்தான் என்று நமக்குச் சொல்லியாயிற்று. கோவலனுக்கு அது தெரியாது, பாண்டியனுக்கும் தெரியாது. 18ஆவது காதையில்தான் கண்ணகிக்குச் செய்தி வருகிறது. அப்படியானால் நடுவில் இருக்கும் 17ஆவது காதையில் என்ன நடக்கிறது? ஆய்ச்சியர் குரவை. குடத்தில் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வடிகிறது, மாட்டின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ கெட்டது வரப்போகிறது என்று பயந்து, அது விலகுவதற்காக இடைச்சேரிப் பெண்கள் மாயவனைப் பாடிக் கைகோத்து ஆடுகிறார்கள். கண்ணகியும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஆடுகிறார்கள்.

வரவேண்டிய கெட்டது வந்து முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். அங்கே இருக்கும் ஒருத்திக்கும் தெரியாது. அந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் முழுப் பாட்டும் ஆட்டமும் நிற்கிறது. பாடல்களைத் தனியாக எடுத்துப் படித்தால் அவ்வளவு சுதந்திரமாக, ஆனந்தமாக இருக்கும். இருக்கிற இடத்தில் வைத்துப் படித்தால் நெஞ்சு அடைக்கும். கட்டமைப்பு இறுக்கமாக இருந்ததால்தான் அந்த இடத்தில் இவ்வளவு தாராளமாகப் பாட முடிந்தது என்று நான் நம்புகிறேன். சாவுச் செய்தியைத் தள்ளி வைத்ததுதான் திட்டம். குரவையில் யார் எந்தப் பாட்டைப் பாடுவது என்பதை எழுதும் கை பார்த்துக்கொள்ளும்.

ஆக, என் திட்டத்தாளில் இருப்பது இவ்வளவுதான்: கதையின் இரண்டு மூன்று முக்கியமான உண்மைகள், ஒவ்வொன்றும் ஆரம்பத்தில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது, கடைசியாகத் தெரிந்துகொள்கிறவர் யார். இத்தோடு வருஷம், மாதம், வயசு எல்லாம் சரியாகக் கணக்குப் போட்டு வைப்பேன். வயசுக் கணக்கு தப்பினால் மொத்தக் கதையையும் பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

ஒரு உதாரணம் காட்ட முடியுமா?

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் குறுநாவலையே எடுத்துக்கொள்ளலாம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு மாவு மில். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கிறது. அக்கா பேச்சியம்மாள்தான் கொஞ்ச வருஷமாக மில்லைப் பார்த்துக்கொள்கிறாள். தம்பி முருகேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். மில்லை விற்றுப் பங்கு பிரிக்க வேண்டும் என்று வந்திருக்கிறான்.

உண்மை ஒன்று: இறப்பதற்கு எட்டு மாதம் முன்பே அப்பா மில்லை அக்காவின் பேருக்குச் செட்டில்மென்ட் எழுதிப் பதிந்துவிட்டார். உண்மை இரண்டு: தம்பியின் பழைய கடன் ஒன்றை அடைத்தது அப்பா இல்லை, அக்காவின் தாலிச்சங்கிலியை விற்ற பணம். முதலாவது அக்காவுக்குத் தெரியும். வாசகருக்கு இரண்டாம் அத்தியாயத்தில் தெரியும். தம்பிக்கு ஏழாம் அத்தியாயத்தில், வில்லங்கச் சான்று எடுக்கும்போது தெரியும். இரண்டாவது கடைசி வரைக்கும் தம்பிக்குத் தெரியாது. திட்டம் அவ்வளவுதான், அரைப் பக்கம்கூட இல்லை.

நாலாம் அத்தியாயத்துக்கு "மில்லில் அக்கா, தம்பி பேச்சு. அவள் கையெழுத்துப் போட மறுக்கிறாள், காரணம் சொல்லவில்லை" என்று மட்டும் குறித்திருந்தேன். எழுத உட்கார்ந்தேன். மோட்டார் ஓடுகிறது. பேச்சைத் தொடங்குவதற்குள் ஒரு கிழவி தூக்குவாளியில் பச்சரிசியோடு வந்து நின்றாள். திட்டத்தில் அவள் கிடையாது. மில் என்றால் யாராவது வரத்தானே செய்வார்கள், அதனால் வந்தாள்.

"மொளகா அரைச்சியாத்தா? அதுக்கப்புறம் எம் பச்சரிசியப் போட்ராத."

"இல்ல ஆச்சி, கோதுமதான் ஓடுச்சி. ஏல முருகேசா, அந்தத் துணியப் புடி."

தம்பி பேச வந்ததை நிறுத்திவிட்டு, மாவு இறங்கும் துணிக்குழாயின் வாயைப் பிடித்து வாளிக்குள் நுழைக்கிறான். மாவு சூடாக இறங்குகிறது. புருவமெல்லாம் வெள்ளை. கடைசியில் குழாயைத் தட்டி, உள்ளே நின்ற மாவை இறக்குகிறான். அப்பா எப்போதும் மூன்று தட்டுத் தட்டுவார். இவன் கையும் தானாக மூன்று தட்டுகிறது. அதைப் பேச்சியம்மாள் பார்த்துவிடுகிறாள். இதெல்லாம் எழுதும்போது வந்தது.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சில்லறை இல்லை என்று தம்பியைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். அந்த இடைவெளியில் கிழவி கேட்டாள்: "அப்பம் மில்லு ஆருக்கு?" பேச்சியம்மாள், தம்பி கையின் மூன்று தட்டைப் பார்த்துக் கரைந்து நின்றவள், யாரிடமாவது சொன்னால் போதும் என்ற நிலையில் சொல்லிவிட்டாள். "அப்பா எம் பேருக்குத்தான் எழுதிருக்காரு ஆச்சி. அவங்கிட்ட எப்பிடிச் சொல்லன்னு தெரியல."

இரண்டு நாள் எழுதவில்லை. அந்த வசனத்தை அடித்துவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று யோசித்தேன். திட்டத்தாளை எடுத்துப் பார்த்தபோது, தம்பிக்குத் தெரியவேண்டிய நேரம் மாறவே இல்லை என்று புரிந்தது. புதிதாகத் தெரிந்துகொண்டது கிழவி. கிழவிக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும். ஐந்து, ஆறு அத்தியாயங்களில் முருகேசன் புரோக்கரைத் தேடி அலையும்போது, டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். ஏழாம் அத்தியாயத்தில் வில்லங்கச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அக்காவிடம் கத்தப்போவான் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அவன் நேரே டீக்கடைக்குப் போய், டீ ஆற்றிக்கொண்டிருப்பவரிடம் கேட்கிறான்: "ஒனக்கும் தெரியுமாண்ணே?"

நான் எவ்வளவு யோசித்திருந்தாலும் அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்திருக்காது. திட்டம் இல்லாமலிருந்தாலும் கிடைத்திருக்காது, ஏனென்றால் கிழவி கேட்டதும் தம்பி கேட்டதும் ஒன்றாகிப்போய், அன்றைக்கே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்.

முடிவு முதலிலேயே தெரிந்துவிட்டால் எழுதுகிற ஆசை போய்விடாதா?

வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தைப் போய்ப் பாருங்கள். பகலில் பாரதம் படிக்கிறார்கள், ராத்திரியில் கூத்து. துரியோதனன் சாவான் என்பது தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். கடைசி நாள் படுகளத்துக்காக அவனுக்கு மண்ணிலேயே பெரிய உருவம் செய்து படுக்க வைத்திருப்பார்கள். முடிவு ஊர் நடுவில் கிடக்கிறது, அப்படியும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

பாட்டுகள் பெரும்பாலும் வாத்தியார் வழியாக வந்தவை, அவற்றில் கை வைப்பதில்லை. ஆனால் இரண்டு பாட்டுக்கு நடுவே வரும் வசனம் அன்றைக்கு ராத்திரி பிறக்கும். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அந்த ஊரின் தண்ணீர்ப் பிரச்சினையை அஸ்தினாபுரத்துக்குள் கொண்டுவருவான், முன்வரிசையில் தூங்குகிறவரை எழுப்பி ராஜாவுக்குச் சாட்சி சொல்லச் சொல்வான். சுற்றி எங்கே போனாலும், அடுத்த பாட்டு எது என்று ஆடுகிறவனுக்கும் மிருதங்கக்காரருக்கும் தெரியும். அந்த நிச்சயம் இருப்பதால்தான் அவ்வளவு தூரம் போகமுடிகிறது.

முடிவு தெரிந்திருப்பது எனக்கும் அப்படித்தான் உதவுகிறது. முருகேசனுக்குச் சங்கிலி விஷயம் தெரியவே தெரியாது என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் எந்த அத்தியாயத்திலும் அக்காவின் வெறுங்கழுத்தைத் தைரியமாகக் காட்டலாம், அவன் அதைப் பார்த்தும் கேட்காமல் போகலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கே போய்ச் சேர்வது என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். கடைசிப் பத்தியை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். எழுதி வைத்தால் அந்தப் பத்தியின் அழகுக்காக முந்தின அத்தியாயங்களை வளைக்க ஆரம்பித்துவிடுவோம். நான் செய்திருக்கிறேன், அந்தக் கதையைப் படித்த எல்லோருமே கடைசிப் பக்கம் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது என்றார்கள்.

பாத்திரங்கள் என் பேச்சைக் கேட்காமல் வேறு பக்கம் போகிறார்கள். விட்டுவிடலாமா?

முதலில், அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பாருங்கள். கஷ்டமான காட்சியிலிருந்து தப்பித்துப் போகிறார்கள் என்றால், ஓடுவது நீங்கள்தான். அப்பாவோடு மனம்விட்டுப் பேச வேண்டிய இடத்தில் திடீரென்று போன் அடிக்கிறது, மழை வருகிறது, நண்பன் வந்து சினிமாவுக்குக் கூப்பிடுகிறான். எழுதுகிறவருக்கு அந்தப் பேச்சை எழுதப் பயம், அதைப் பாத்திரத்தின் சுதந்திரம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதிகமாகப் பார்க்கும் தவறு இதுதான். எழுதுகிறவர்கள் எவ்வளவு ஆசையோடு அந்தக் காட்சியை நோக்கி வந்தார்கள் என்று தெரியும் என்பதால் சொல்லவே சங்கடமாக இருக்கும். ஆனாலும் சொல்லிவிடுவேன்.

கஷ்டத்தை நோக்கிப் போகிறார்கள் என்றால் விட்டுவிடுங்கள். பேச்சியம்மாள் கிழவியிடம் சொன்னதால் அவளுக்குத் தலைவலி கூடியது, எனக்கும் கூடியது. அப்படிப்பட்ட விலகலை நான் தடுப்பதில்லை. ஒரு அத்தியாயம் முழுக்க எழுதிப் பார்த்துவிட்டு, அப்புறம் திட்டத்தாளோடு ஒப்பிடுவேன். பாதி எழுதியபோது ஒப்பிட்டால் திட்டம்தான் ஜெயிக்கும். எழுதாத பாதியின் பக்கம் பேச ஆள் இருக்காது.

அப்புறம் ஒரு சின்னப் பழக்கம். விலகல் நடந்த அன்றைக்கே திட்டத்தாளைத் திருத்திவிடுங்கள். பழைய வரியை அடித்து, பக்கத்தில் புதியதை எழுதினால் போதும். திருத்தாமல் விட்ட திட்டம் பத்து நாளில் யாருக்கும் உதவாத காகிதம் ஆகிவிடும்.

வாராவாரம் தொடர்கதை எழுதுகிறேன். வெளியான அத்தியாயத்தைத் திருத்த முடியாதே, என்ன செய்வது?

தொடர்கதை எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தச் சமநிலை மற்ற எல்லோரையும்விட அவசரமாகத் தேவைப்படுகிறது. சார்லஸ் டிக்கன்ஸ் மாதாமாதம் 32 பக்கம் எழுதி வெளியிட்டவர். மாதத்துக்கு ஒரு தாளில் குறிப்பு வைத்துக்கொள்வார், அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. வலது பாதியில் அந்த மாதத்து அத்தியாயங்களின் தலைப்பும் என்ன நடக்கிறது என்பதும். இடது பாதியில் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்விகள்: இன்னாரை இந்த மாதம் கொண்டுவரலாமா, அந்த விஷயத்தை இப்போதே சொல்லிவிடலாமா என்று. பக்கத்திலேயே பதிலும் எழுதியிருப்பார். ஆம், இல்லை, இப்போது வேண்டாம். அந்த இடது பாதியை நான் அப்படியே கடன் வாங்கிக்கொண்டேன். முடிவாகத் தெரியாததைத் தெரிந்தது போல எழுதாமல், கேள்வியாகவே எழுதி வைப்பது பெரிய நிம்மதி.

நம் ஊர்க் கணக்குக்குக் கல்கியின் பொன்னியின் செல்வனைப் பார்க்கலாம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்து ஐந்து பாகமாக விரிந்த கதை. அத்தனை வாரமும் சிதறாமல் இருந்ததற்கு ஒரு காரணம், சில முளைகளை வரலாறே அடித்துக் கொடுத்துவிட்டது. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட வேண்டும். அருள்மொழி அரசுரிமையை விட்டுக்கொடுக்க, உத்தம சோழர் முதலில் பட்டத்துக்கு வரவேண்டும். இவற்றை மாற்ற முடியாது. ஆனால் வந்தியத்தேவனைப் பற்றிக் கல்வெட்டு சொல்வது, குந்தவையின் கணவர் என்பதைத் தாண்டி மிகக் கொஞ்சம். நந்தினி முழுக்கக் கற்பனை. முளைகள் அசையாதவை என்பதால், நடுவில் அவிழ்த்துவிட்ட கன்று எவ்வளவு தூரமும் துள்ளலாம்.

உங்கள் கதைக்கு வரலாறு முளை அடித்துத் தராது, நீங்களேதான் அடிக்க வேண்டும். நாலு போதும். அதோடு எப்போதும் மூன்று அத்தியாயம் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் அத்தியாயம் எழுதும்போது வருகிற நல்ல யோசனைக்கு ஆறாம் அத்தியாயத்தில் ஒரு வரி தேவைப்படும். ஆறாவது இன்னும் வெளியாகவில்லை என்றால் அந்த வரியைச் சேர்த்துவிடலாம்.

சிறுகதைக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். ஒரே அமர்வில் எழுதிவிடக்கூடிய நீளமென்றால் திட்டம் போடுகிற நேரத்தில் எழுதியே பார்த்துவிடலாம். சரியாக வரவில்லை என்றால் தூக்கி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

மூன்று அங்கம், இன்டர்வெல் பிளாக் என்றெல்லாம் சொல்கிறார்களே?

சினிமா டிஸ்கஷனில் உட்கார்கிறவர்களுக்கு அவை தேவை. அங்கே இடைவேளை என்பது நிஜமாகவே விளக்குப் போட்டு, ஆட்கள் எழுந்து வெளியே போகும் நேரம். திரும்பி வர அவர்களுக்கு ஒரு காரணம் கொடுத்தாக வேண்டும். சீன் ஆர்டர் இல்லாமல் ஷூட்டிங் தேதியும் போட முடியாது. புத்தகம் படிக்கிறவர் அவருக்குத் தோன்றும் இடத்தில் மூடி வைக்கிறார். அதனால் சரியாகப் பாதியில் ஒரு திருப்பம் வைத்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எழுதி முடித்த பிறகு, நடுப்பகுதி ஏன் தொய்வாக இருக்கிறது என்று பார்க்க அந்த அளவுகோல்கள் உதவும். எழுதுவதற்கு முன் எடுத்தால், கட்டங்களை நிரப்புவதற்காகச் சம்பவம் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். விபத்துகள் அப்படித்தான் கதைக்குள் வருகின்றன.

நடுவில் நின்றுவிட்டது. திட்டத்தின் குறையா, என் குறையா?

கதை நின்ற இடத்தைத் தோண்டினால் பலன் குறைவு. கடைசியாகச் சந்தோஷமாக எழுதிய பக்கத்தைத் தேடிப் போங்கள். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் பெரும்பாலும் தப்பு நடந்திருக்கும். அங்கே இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துபோயிருக்கும். மறைக்க ஒருவரிடமும் எதுவும் மிச்சமில்லை, அதனால் யாரும் யாரிடமும் பேச வேண்டிய தேவையே இல்லை. இல்லையென்றால், திட்டத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒரு ஆள் தனக்கு ஒட்டாத காரியத்தைச் செய்திருப்பார்.

முதலாவதென்றால், தெரிந்ததை ஒருவரிடமிருந்து திரும்பப் பிடுங்க வேண்டும். அந்த அத்தியாயத்தில் அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு மறுபடி எழுதுங்கள். இரண்டாவதென்றால், அந்தக் காரியத்தை அவர் ஏன் செய்யமாட்டார் என்று அவர் குரலிலேயே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கதைக்குள் சேர்க்க வேண்டாம், உங்களுக்காக மட்டும். மாமனார் வீட்டுக்குப் போய்ப் பணம் கேட்க வேண்டிய ஒருவன் என் கதையில் மூன்று வாரம் வாசலிலேயே நின்றான். அவன் குரலில் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவன் கேட்கப் போவது மாமியாரிடம், அதுவும் அடுக்களையில், மாமனார் குளிக்கப் போன நேரத்தில்.

திட்டத்தை எதில் எழுதுகிறீர்கள்?

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். ஒரு தாளில் ஒரு உண்மை, யாருக்குத் தெரியும் தெரியாது என்ற பட்டியலோடு. அந்தத் தாளில் அதற்கு மேல் இடமிருக்காது, அது வசதி. பெரிய நோட்டு வாங்கினால் நிரப்பத் தோன்றும். கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை, ஆனால் ஒரு பக்கத்தைத் தாண்டினால் நீங்கள் எழுதுவது திட்டமில்லை, கதையையே அவசரமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வேகத்தைக் கதைக்கே கொடுங்கள்.

முதல் டிராஃப்ட் முடிந்த பிறகு திட்டத்துக்கு வேலை உண்டா?

முக்கியமான வேலை அப்போதுதான் இருக்கிறது. பழைய தாள்களை ஓரமாக வைத்துவிட்டு, எழுதி முடித்ததைப் படித்தபடியே புதிதாக ஒரு திட்டம் எழுதுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரே வரி: இதில் யாருக்கு என்ன புதிதாகத் தெரிந்தது? எந்த அத்தியாயத்துக்கு வரி எழுத முடியவில்லையோ, அதை வெளியே எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்.

மில் கதைக்கு இதைப் பாதி வரை செய்துவிட்டேன். மூன்றாம் அத்தியாயத்துக்கு வரி வரவில்லை. முருகேசனும் அவன் மனைவியும் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வரும் அத்தியாயம். ராத்திரிப் பயணம், நிலா எல்லாம் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது. எடுத்துவிட்டுப் படித்தால் கதை ஒரு இடத்திலும் தட்டவில்லை. இன்னும் எடுக்க மனசில்லாமல் வைத்திருக்கிறேன். அந்தப் பயணத்தில் மனைவி, "ஒங்கக்கா கழுத்துல ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று கேட்டு, அவன் தூங்குவது போல இருந்துவிட்டால் அந்த அத்தியாயம் நிற்கும் என்று நேற்று ராத்திரி தோன்றியது. இந்த வாரம் எழுதிப் பார்க்க வேண்டும்.